அது யாருடைய வினை?



நன்கொடை நடை ஒன்றை எப்படி ஏற்பாடு செய்வது என்று எழுதித் தரும்படி நம் நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள. பனியன் எங்கே அடிப்பது, தண்ணீர் எத்தனை பெட்டி வாங்குவது, முதலுதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். மலாக்காவில், ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் அப்படி ஒரு நடையை நடத்தினோம். எங்கள் கூட்டங்களில் பாதி நேரத்தைத் தின்றது பனியனும் தண்ணீரும் இல்லை, மூன்று பேர் கேட்ட மூன்று கேள்விகள்தான். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் ஊரிலும் யாராவது இதையே கேட்பார்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுப் பிள்ளை, பெயர் வேண்டாம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்க்கிறார். பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு. நம்ம தாத்தா பாட்டிக்கு வருகிற இனிப்புநீர் வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை. அம்மா கவனிக்காமல் விட்டதாலும் வருவதில்லை. வந்தால் போவதும் இல்லை. வெளியிலிருந்து இன்சுலின் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு ஊசி வரை, ஆயுள் முழுக்க.

1922-க்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ இறந்துபோனார்கள். அந்த ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி கனடாவின் டொராண்டோ நகரில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி சரிப்பட்டு வரவில்லை. மருந்தை மேலும் சுத்தம் செய்து 23-ஆம் தேதி மறுபடி போட்டபோது பையன் தேறினான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். 1922-க்கு முன்னால் இந்த நோய் வந்திருந்தால் இந்தத் தோட்டத்துப் பிள்ளை பிழைத்திருக்காது. இன்றைக்குப் பிழைத்திருப்பதற்குக் காரணம், எங்கேயோ யாரோ முயற்சியைக் கைவிடாமல் இருந்ததுதான். இதை மனசில் வைத்துக்கொண்டு கேள்விகளுக்கு வருவோம்.

"அது அவங்க வினைப்பா"

முதல் கேள்வி எங்கள் கோயில் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. நல்ல மனிதர். திருவிழா என்றால் மூன்று நாள் தூங்காமல் வேலை செய்வார். "தம்பி, செய்றது நல்லதுதான். ஆனா பத்து வயசுப் புள்ளைக்கு இப்படி வருதுன்னா அது முன்ஜென்மத்து வினைப்பா. அனுபவிச்சுத் தீர்க்கணும். நாம நடந்து என்னா மாறப்போவுது?" என்றார்.

கூட்டத்தில் இருந்த பையன்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு யோசனை வந்தது. வினையும் மறுபிறவியும் நம் சமயத்தின் அடிப்படை. தேவார வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படியென்றால் பெரியவர் சொல்வதில் என்ன தவறு? வினையை நம்புகிறவன் நோயாளிக்கு உதவும்போது, தான் நம்புவதற்கு எதிராக நடக்கிறானா?

பதிலை நான் வெளியே தேடிப் போகவில்லை. அது நம் திருமுறையிலேயே இருக்கிறது. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் திருக்கொடிமாடச்செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது என்று பெரியபுராணம் சொல்கிறது. அங்கே அவர் பாடியதுதான் திருநீலகண்டத் திருப்பதிகம். அதன் தொடக்கத்திலேயே ஒரு வகை மனிதர்களைப் பார்த்துப் பேசுகிறார். இந்தத் துன்பம் அந்த வினையால் வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்களே, அதைத் தெரிந்துகொண்டும் தப்பிக்க வழி தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் குறை இல்லையா என்று கேட்கிறார். கையால் தொண்டு செய்வதைச் சொல்கிறார். சோலை வைப்பதையும் குளம் தோண்டுவதையும் சொல்கிறார். வினை இல்லை என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. வினையைச் சாக்காகச் சொல்லிக்கொண்டு சும்மா இருப்பதைத்தான் கண்டிக்கிறார்.

இன்னொரு சம்பவம் நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பாச்சிலாச்சிராமம், இப்போது திருவாசி என்கிறார்கள். கொல்லி மழவன் என்ற தலைவனின் மகளுக்கு முயலகன் என்ற நோய். செய்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பெற்ற மகளைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்திவிட்டான் அந்த அப்பன். சம்பந்தர் அங்கே வருகிறார், பிள்ளை உணர்வில்லாமல் கிடப்பதைப் பார்க்கிறார், பாடுகிறார். அந்தப் பதிகத்தில் கேள்வி யாரை நோக்கிப் போகிறது என்று கவனியுங்கள். நீ போன பிறவியில் என்ன பாவம் செய்தாய் என்று பிள்ளையை அவர் கேட்கவில்லை. நீ என்ன கொடுமை செய்தாய் என்று அப்பனையும் கேட்கவில்லை. இந்தப் பெண்ணை இப்படி வாட விடுவது உனக்குப் பெருமையா என்று இறைவனையே கேட்கிறார்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். வினைக்கொள்கை எனக்கு நானே வைத்துக்கொள்ளும் கணக்கு. நான் துன்பப்படும்போது பிறரைப் பழிக்காமல் இருக்க உதவும், நான் செய்யப்போவதை யோசித்துச் செய்ய வைக்கும். அடுத்தவன் கணக்கை எடுத்துப் படிக்கும் உரிமையை அது எனக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பழைய பிறவி எனக்குத் தெரியாது, பெரியவருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளை என் கண் முன்னால் இருக்கிறது, என்னால் ஏதோ செய்ய முடியும். இந்த நொடியில் நான் செய்வதும் செய்யாமல் விடுவதும் என் வினை. "அவங்க வினை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனால், அப்படிப் போனதும் ஒரு வினைதானே? அது யார் கணக்கில் ஏறும்?

பெரியவரிடம் இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. மழவன் மகள் கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, மோருக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரி இருக்கே!"

இரண்டாவது கேள்வி கணக்குப் பார்க்கிற நண்பர் கேட்டது. "வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி, ஸ்பெஷலிஸ்டுக்கு அஞ்சு வெள்ளி. இன்சுலினும் குடுக்குறாங்க. அப்புறம் எதுக்கு நடை? ஜனங்க ஏமாத்துறோம்னு சொல்லமாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகள் இல்லையென்றால் தோட்டத்துக் குடும்பம் இந்த நோயோடு ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆனால் இந்த நோயில் செலவு மருத்துவமனையோடு முடிவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறையாவது விரலைக் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். அதற்கான பட்டைத்தாள் தீரத் தீர வாங்க வேண்டும். இப்போது கையில் ஒட்டிக்கொள்ளும் உணர்கருவி வந்திருக்கிறது. விரலைக் குத்தாமலே நாள் முழுக்கச் சர்க்கரை அளவைக் காட்டும், ராத்திரி தூக்கத்தில் இறங்கினாலும் கைப்பேசியில் எச்சரிக்கும். பரவலாகக் கிடைக்கும் ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒன்றின் விலை இருநூறு வெள்ளிக்கு மேல். மாதம் இரண்டு என்று வையுங்கள். 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் கால்வாசி இந்த ஒரு பொருளுக்கே போய்விடும். இதோடு மருத்துவமனைக்குப் போகிற நாளில் அப்பாவின் சம்பளம், அவசரத்துக்கு வாடகைக் கார், பிள்ளையை விட்டுப் போக முடியாமல் அம்மா விட்டுவிடுகிற மேல்நேர வேலை.

இதைக் கூட்டிக் காட்டியபோது கணக்குக்கார நண்பர் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. இந்த நோய் நாட்பட்ட நோய். நடை ஒரு நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து சேர்த்த பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? தீர்ந்த பிறகு மறுபடி நடப்போமா? இல்லை, அதற்குள் ஜனங்களுக்கு வேறொரு சோகம் கிடைத்திருக்குமா?

இங்கே டெர்ரி ஃபாக்ஸை நினைத்தேன். 18 வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா இளைஞர். மருத்துவமனையில் கூடப் படுத்திருந்த சிறு பிள்ளைகளின் வேதனையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர். 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து ஓட ஆரம்பித்தார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவி நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் 22 வயதில் இறந்தார். அவர் கேட்டது, நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர். 1981 பிப்ரவரிக்குள் இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, அன்றைய கனடாவின் மக்கள்தொகை அளவுக்கு. ஆனால் அவர் பெயர் நிலைத்ததற்கு அந்தத் தொகை மட்டும் காரணம் இல்லை. அவருக்குப் பிறகும் ஆண்டுதோறும் அந்த ஓட்டம் நடக்கிறது, நம் நாட்டிலும் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. ஒருவர் தொடங்கியதை ஊர் எடுத்துக்கொண்டது.

இதற்குக் கனடாவரை போகவேண்டியதும் இல்லை. நம் தாத்தாக்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினாரே, ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் வெட்டியவர்களும் கொடுத்தார்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வீடும் வேலையும் இழந்து நின்ற காலத்தில், 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பங்கு நூறு வெள்ளி. ஒரே தடவையில் நூறு வெள்ளிக்கு எந்தத் தொழிலாளி எங்கே போவான்? மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அந்தப் பத்து வெள்ளிகள்தான் தோட்டங்களை வாங்கின.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு எங்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டோம். நடை அன்று பெரிய தொகை சேர்ப்பதை இலக்காக வைக்கவில்லை. மாதம் பத்து வெள்ளி, இரண்டு வருடத்துக்குக் கொடுக்கச் சம்மதிக்கிற நாற்பது பேரைக் கண்டுபிடிப்பதே இலக்கு என்றோம். நடை அதற்கான அழைப்பு. இந்தக் கணக்கு கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஆனால் மாதாமாதம் வருகிற நோய்ச் செலவுக்கு மாதாமாதம் வருகிற பணம்தான் பொருந்தும்.

"எம்புள்ள படத்தைப் போடாதீங்க"

மூன்றாவது கேள்வி எங்களைத் திணறடித்தது. பதாகைக்குப் பிள்ளையின் படம் கேட்டபோது அந்த அம்மா சொன்னார்: "தம்பிங்களா, நீங்க நல்லதுக்குத்தான் கேக்குறீங்க, தெரியுது. ஆனா எம்புள்ள படத்தைப் போடாதீங்க. நாளைக்கு அது பெரிய பொண்ணாவும். அதோட மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் ஜனங்களுக்கு நோவுதான் ஞாபகம் வரணுமா?"

எங்களில் பாதிப் பேர் அம்மா பக்கம். மற்றப் பாதி சொன்னது: "முகம் இல்லேன்னா யாரும் குடுக்கமாட்டாங்க அண்ணே."

இரண்டாவது கட்சி சொன்னதும் உண்மைதான். பால் சுலோவிக் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பசியால் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட, ஒரே ஒரு சிறுமியின் படத்தையும் கதையையும் பார்த்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். மனிதமனம் அப்படி. கூட்டத்துக்கு இரங்காது, முகத்துக்கு இரங்கும்.

ஆனால் அந்த முகத்தின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தசை நலிவு நோய்க்காக நடிகர் ஜெர்ரி லூயிஸ் பல பத்தாண்டுகள் தொலைக்காட்சியில் நிதி திரட்டினார். நோயுள்ள பிள்ளைகளை மேடையேற்றுவார்கள், பார்ப்பவர்கள் கண்ணீர் விடுவார்கள், பணம் கோடிகோடியாகச் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்த நிகழ்ச்சிக்கு எதிராகவே சிலர் போராட்டம் நடத்தினார்கள். யார் தெரியுமா? சின்ன வயதில் அதே நிதிக்காகச் சுவரொட்டிகளில் படமாக நின்ற பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். வளர்ந்து பெரியவர்களாகி, சக்கர நாற்காலியில் வந்து, எங்களுக்குப் பரிதாபம் வேண்டாம், உரிமை வேண்டும் என்றார்கள். அந்தப் பணம் நல்ல காரியத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் வாங்கிய பிள்ளைக்கு அதற்கு ஒரு விலை இருந்தது, அந்த விலையைப் பற்றி யாரும் அந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லை.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இரப்பதற்கு அஞ்சுவதற்கும் ஓர் அதிகாரம் வைத்தார். கொடுப்பதைப் போற்றிய அதே கை கேட்பதன் வலியையும் எழுதியது. கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பதில் எதிர்பாராமல், கடமை என்று, தகுந்த இடத்தில் கொடுப்பது சாத்துவிகம். பலனை எதிர்பார்த்தோ மனசு வருந்தியோ கொடுப்பது இராஜசம். மரியாதை இல்லாமல், இகழ்ச்சியோடு கொடுப்பது தாமசம். கொடுத்த பொருள் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். எப்படிக் கொடுத்தோம் என்பதுதான் தரத்தை மாற்றுகிறது. ஒரு பிள்ளையின் அழுத முகத்தைக் காட்டி வாங்குகிற பணத்தில் மரியாதை எவ்வளவு இருக்கிறது?

ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, எஸ்டேட்ல யார் வீட்டுப் புள்ளைன்னு எல்லாருக்கும் தெரியுமே. படத்தை மறைச்சு என்னா ஆவப்போவுது?" உண்மை. லயத்தில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, காட்டுவது வேறு. ஊருக்குத் தெரிவது பழக்கத்தால் வருவது, அதில் அந்தப் பிள்ளை நல்லா ஓடும், கோலம் நல்லாப் போடும் என்பதும் சேர்ந்தே தெரியும். பதாகையில் காட்டும்போது நோய் ஒன்றுதான் மிஞ்சும்.

ஆகவே பதாகையில் படம் இல்லை, பெயர் இல்லை. நோயின் பெயரும் அதன் அறிகுறிகளும் மட்டும் போட்டோம். அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைக்காத பிள்ளை திடீரென்று நனைப்பது, சாப்பிட்டும் உடம்பு இளைப்பது, எந்நேரமும் சோர்வு. இதோடு வாந்தியும் மேல்மூச்சும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். படம் இருக்கவேண்டிய இடத்தில் இதைப் படித்தவர்கள் ஏராளம். பணம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். அந்தக் குறையை ஏற்றுக்கொண்டோம்.

சரி, ஏன் நடக்கணும்?

பணம்தான் வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினால் போதாதா? இதை என்னிடம் நானே கேட்டுக்கொண்டேன்.

மலாக்காக்காரர்களுக்கு நடப்பது புதிது இல்லை. 1781-ல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலிலிருந்து மாசி மகத்துக்கு ரதம் செங் சன்னாசிமலைக்குப் போகும்போது பின்னாலேயே நடந்து வளர்ந்தவர்கள் நாம். காவடி எடுத்தவர்கள் இருக்கிறோம், பால்குடம் சுமந்தவர்கள் இருக்கிறோம். வீட்டிலிருந்தே கும்பிட்டால் சாமி கேட்காதா? கேட்கும். ஆனாலும் நடக்கிறோம். வாயால் சொன்னதைக் கால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. உடம்பு கொஞ்சம் வருந்தினால்தான் வேண்டுதல் நமக்கே உண்மையாகப் படுகிறது.

அந்த நடை பெரும்பாலும் எனக்காக, என் வீட்டுக்காக. இந்த நடை இன்னொரு வீட்டுக்காக. மற்றபடி வித்தியாசம் அதிகம் இல்லை. கையில் பணம் இல்லாதவனும் இரண்டு மணி நேரம் கொடுக்க முடியும். ஐம்பது வெள்ளி கொடுத்தவரும் ஐந்து வெள்ளி கொடுத்தவரும் ஒரே வெயிலில் ஒரே வேகத்தில் போவார்கள். வங்கிக் கணக்கில் அது நடக்காது.

ஒன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் அப்பாவோடு வேலை செய்கிற அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க தெனம் நடக்காத நடையா? ஞாயித்துக்கெழமையும் நடக்கச் சொல்றீங்களே!" குலை வெட்டுகிறவர்கள் கங்கும் கன்றும் மேடும் பள்ளமுமாக நாள் முழுக்க நடக்கிறார்கள். பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் நடை விரதம், அவர்களுக்கு அது பிழைப்பு. அதனால் அவர்களை நடக்கச் சொல்லவில்லை. அவர்களாகவே வந்து, தண்ணீர் நிற்கும் இடங்களைப் பார்த்துக்கொண்டார்கள். தொண்டுக்கு ஒரே ஒரு வடிவம் வைத்து எல்லாரையும் அதற்குள் திணிக்கக் கூடாது என்று அங்கே கற்றுக்கொண்டேன்.

அந்தப் பிள்ளையும் நடந்தது. சிறப்பு விருந்தினராக இல்லை. எல்லாரும் போட்ட அதே பனியனோடு, பள்ளித் தோழிகளோடு, ஐந்து கிலோமீட்டர். நடப்பதற்கு முன்னும் நடுவிலும் சர்க்கரை பார்த்துக்கொண்டது. பாதி வழியில் அளவு இறங்கியது. தோழி ஒருத்தி யாரையும் கூப்பிடாமல், பையில் வைத்திருந்த இனிப்புப் பானத்தை எடுத்துக் கொடுத்தாள். கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து, மறுபடி பார்த்து, மறுபடி நடந்தார்கள். அளவு 4-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதை ஒரு வாரம் முன்னால்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். மொத்த நடையிலும் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அந்தக் கால் மணி நேரம்தான். எவ்வளவு பணம் சேர்த்தாலும் பள்ளி இடைவேளையில் அந்தப் பிள்ளை பக்கத்தில் பணம் உட்காராது. தோழிதான் உட்காருவாள்.

நீங்கள் செய்வதானால்

முதலில் குடும்பத்தைக் கேளுங்கள். அம்மா அப்பாவை மட்டும் இல்லை, விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையையும் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்க வேண்டும். கூட்டம் கூடி, பனியன் அடித்த பிறகு கேட்டால் அது கேட்பது ஆகாது.

மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவை அணுகுங்கள். எது இலவசமாகக் கிடைக்கும், எது கிடைக்காது என்று அவர்கள் சொல்வார்கள். கிடைக்கிற ஒன்றுக்காக ஊரிடம் பணம் கேட்கக் கூடாது.

சட்டத்தைப் பாருங்கள். வீடு வீடாகவும் தெருவிலும் நன்கொடை திரட்டுவதற்கு 1947-லிருந்தே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். சாலையில் நடப்பதைக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். நல்ல காரியம்தானே என்று இதை விடாதீர்கள். நல்ல காரியத்தில் வருகிற சந்தேகம் அடுத்த நல்ல காரியத்தையும் கெடுக்கும்.

கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வேண்டாம். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பது போதும்.

பிறகு, ஒரு பிள்ளையோடு நிறுத்தாதீர்கள். "ஏன் இந்தப் பிள்ளைக்கு மட்டும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். நமக்குத் தெரிந்த பிள்ளை என்பது தொடங்குவதற்குப் போதுமான காரணம், அங்கேயே நின்றுவிடுவதற்குப் போதாது. எங்கள் நாற்பது பேர் திட்டத்தில் மிஞ்சுவது எதுவானாலும், வட்டாரத்தில் இதே நோயுள்ள அடுத்த பிள்ளைக்குப் போகும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்தோம். அந்தப் பிள்ளை எந்த இனமானாலும், எந்தச் சமயமானாலும். கணையம் சாதி சமயம் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. நடை முடிந்த மறுநாள் காலையும் அந்தப் பிள்ளை விரலைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் பசியாறியது. நாளைக்கும் அப்படித்தான். பத்து வருடம் கழித்தும் அப்படித்தான் இருக்கலாம். நாம் எதையும் தீர்த்துவிடவில்லை. ஆனால் அந்த வீட்டில் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு செலவு குறைந்திருக்கிறது, வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கிறது, ஆசிரியர் மேசையில் ஒரு பொட்டலம் சீனி இருக்கிறது. உங்கள் தோட்டத்தில், உங்கள் தாமானில் இப்படி ஒரு வீடு நிச்சயம் இருக்கும். பதாகைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குச் சும்மா போய் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.